ஸ்கிரீன்ஷாட்டைப் போட்டுத் தீர்ப்புக் கேட்பவர்களுக்கு

ராத்திரி சண்டை. அவன் அனுப்பிய நாலு மெசேஜை ஸ்கிரீன்ஷாட் எடுத்து சாட்ஜிபிடியிலோ ஜெமினியிலோ போட்டு, "இவன் மனசுல என்ன இருக்கு? தப்பு யார் மேல?" என்று கேட்பது இருபதுகளில் இருப்பவர்களிடம் சாதாரணப் பழக்கமாகிவிட்டது. தோழியைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டாம், நாளைக்கு ஹாஸ்டல் முழுக்கப் பரவும் என்ற பயம் வேண்டாம், செலவும் கிடையாது. 2025 அக்டோபர் கடைசியில் ஜியோ தன் அன்லிமிடெட் 5ஜி பிளான்காரர்களுக்கு ஜெமினி ப்ரோவை 18 மாதம் இலவசமாகத் தந்தபோது, முதல் வரிசையில் வைத்தது 18 முதல் 25 வயதுக்காரர்களைத்தான். சில நாளில், நவம்பர் 4 முதல், சாட்ஜிபிடி கோ இந்தியாவில் ஓராண்டுக்கு இலவசமானது. காதலிக்கிற வயதும் இலவசம் கிடைத்த வயதும் ஒன்றாகிப் போயிற்று.

கேட்காதே என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே எப்படிக் கேட்டால் என்ன கிடைக்கும், எந்த இடத்தில் கவிழ்க்கும், ஏன் கவிழ்க்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

ஃபைலில் இல்லாதது

கொஞ்சம் தீவிரமானவர்கள் ஸ்கிரீன்ஷாட்டோடு நிற்பதில்லை, முழு சாட்டையும் ஏற்றுகிறார்கள். ஆண்ட்ராய்டில் அந்த சாட்டைத் திறந்து மூன்று புள்ளி, 'மோர்', 'எக்ஸ்போர்ட் சாட்', 'வித்அவுட் மீடியா'. ஐபோனில் மேலே பெயரைத் தொட்டுக் கடைசி வரை இறங்கினால் அதே 'எக்ஸ்போர்ட் சாட்' இருக்கும். மீடியா இல்லாமல் எடுத்தால் கடைசி 40,000 மெசேஜ் வரை வரும், மீடியாவோடு எடுத்தால் 10,000. கையில் கிடைப்பது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்: தேதி, நேரம், பெயர், எழுதிய வரி.

ஏற்றுவதற்கு முன் அந்த ஃபைலை ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள். பலரும் பார்ப்பதில்லை. வாய்ஸ் நோட் எல்லாம் 'மீடியா ஒமிட்டட்' (ஐபோனில் 'ஆடியோ ஒமிட்டட்') என்ற ஒரே வரியாக நிற்கும். ஸ்டிக்கரும் போட்டோவும் அப்படியே. மெசேஜுக்குப் போட்ட ஹார்ட், சிரிப்பு ரியாக்‌ஷன் எதுவும் வராது. எந்த மெசேஜுக்கு எது பதில் என்று இழுத்துப் போட்ட இணைப்பும் போய்விடும். காலையில் கேட்டதை இழுத்து ராத்திரி பதில் போட்டிருந்தால், ஃபைலில் அது அந்தரத்தில் தொங்கும். முக்கால் மணி நேரம் போனில் பேசிச் சமாதானமானது இதில் எங்கேயும் இருக்காது. ஒரே ஜோடி பாதியை இன்ஸ்டாவிலும் மீதியை வாட்ஸப்பிலும் பேசியிருந்தால் கதை இன்னும் மோசம்.

இதனால் என்ன ஆகும்? ஒரு மாதிரி பாருங்கள். இரவு 10.50க்கு அவள் இரண்டு நிமிட வாய்ஸ் நோட் அனுப்புகிறாள். அதில்தான் அழுகிறாள், வீட்டில் அப்பா என்ன சொன்னார் என்பதைச் சொல்கிறாள். அவன் உடனே கூப்பிடுகிறான், 40 நிமிடம் பேசுகிறார்கள். போனை வைத்த பிறகு 11.42க்கு அவன் எழுதுவது: "சரி பாத்துக்கலாம் விடு. தூங்கு." ஃபைலில் மிஞ்சுவது இரண்டே வரி. ஒன்று 'மீடியா ஒமிட்டட்', அடுத்தது 52 நிமிடம் கழித்து வந்த "சரி பாத்துக்கலாம் விடு. தூங்கு." ஏஐ என்ன சொல்லும்? தாமதமாகப் பதில் தருகிறார், உணர்வுகளைத் தட்டிக் கழிக்கிறார், உரையாடலை முடித்துவிடப் பார்க்கிறார் என்று. கையில் இருக்கிற இரண்டு வரிக்கு அது தப்பான பதிலே இல்லை.

சரிசெய்ய வழி உண்டு, பொறுமைதான் வேண்டும். சண்டை நடந்த நாளையும் அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளையும் மட்டும் வெட்டி எடுங்கள். முழு வருடத்தையும் போட்டால் நடுவில் இருப்பதை அது மேலோட்டமாகத் தாண்டிப் போகும். ஒவ்வொரு 'மீடியா ஒமிட்டட்' இருந்த இடத்திலும் அந்த வாய்ஸ் நோட்டில் என்ன இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள், அவருடைய வார்த்தையிலேயே. கால் பேசிய இடத்தில் "இங்கே 40 நிமிடம் போன், சமாதானமாக முடிந்தது" என்று சேருங்கள். இதையெல்லாம் செய்யும்போதே சண்டையில் பாதி கரைந்துவிடுவதுண்டு. திரும்ப வாய்ஸ் நோட்டைக் கேட்க வேண்டியிருக்கிறது அல்லவா.

ஏன் எப்போதும் உங்கள் கட்சி

இது ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் பஞ்சாயத்து. அதுவும் வாதியின் முகம் கோணாமல் பேசப் பழக்கப்பட்ட பஞ்சாயத்து. இந்த மாடல்களுக்குப் பயிற்சி தரும்போது ஒரே கேள்விக்கு இரண்டு பதில் காட்டி, எது நல்லது என்று மனிதர்களிடம் கேட்கிறார்கள். நம்மை ஆமோதிக்கிற பதிலுக்கு நம் கை தானாகப் போகும். லட்சக்கணக்கில் இப்படிக் கை போனால் மாடலும் அதையே கற்றுக்கொள்ளும். 2025 ஏப்ரல் 25 அன்று வந்த, சாட்ஜிபிடியின் ஜிபிடி-4ஓ மாடல் அப்டேட் இதில் அளவு மீறிப் போய், கேட்டதற்கெல்லாம் புகழ்பாட ஆரம்பித்து, மூன்று நான்கு நாளில் சாட்ஜிபிடியை நடத்தும் ஓபன்ஏஐ அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அன்று மாட்டியது அளவு மீறியதால்தான். அளவோடு ஆமோதிப்பது எல்லா மாடலிலும் இருக்கிறது.

அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 11 மாடல்களைச் சோதித்தார்கள். ஒருவர் செய்ததைச் சரி என்று சொல்வதில், மனிதர்களைவிட மாடல்கள் சுமார் 50 சதவீதம் கூடுதலாகத் தலையாட்டின. அதைவிட முக்கியம் அடுத்தது: அப்படித் தலையாட்டும் பதிலைப் படித்தவர்களுக்கு 'நான்தான் சரி' என்ற எண்ணம் கூடியது, போய்ச் சமாதானம் பேசும் விருப்பம் குறைந்தது. ஆனாலும் அந்தப் பதிலுக்குத்தான் நல்ல மதிப்பெண் போட்டார்கள்.

உங்களுக்கே சோதித்துப் பார்க்க ஆசை இருந்தால் பத்து நிமிட வேலை. ஒரே ஃபைலை இரண்டு டெம்பரரி சாட்டில் (பழைய பேச்சை ஞாபகம் வைக்காத தற்காலிக உரையாடல்) போடுங்கள். ஒன்றில் "இதில் கார்த்தி நான்" என்று ஆரம்பியுங்கள், மற்றதில் "இதில் திவ்யா நான்" என்று. கேள்வி ஒன்றே. இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், யார் 'நான்' என்கிறாரோ அவர் பக்கம் காற்று சாய்வது தெரியும். பிறகு மூன்றாவதாக, பெயரை எல்லாம் 'அ', 'ஆ' என்று மாற்றி, நீங்கள் யார் என்றே சொல்லாமல் கேளுங்கள். தமிழில் இதில் ஒரு சிக்கல்: "சொன்னான்", "போனாள்" என்று வினைமுற்றே ஆணா பெண்ணா என்று காட்டிக்கொடுத்துவிடும். இருவருக்கும் 'அவர்', 'சொன்னார்' என்று போட வேண்டும். இந்த மூன்றாவது பதில்தான் ஓரளவுக்குக் காது கொடுக்கத் தகுந்தது.

டெம்பரரி சாட்டில் போடச் சொன்னதற்குக் காரணம் மெமரி. 2025 ஏப்ரலில் சாட்ஜிபிடி பழைய உரையாடல்களை எல்லாம் ஞாபகம் வைத்துப் பேச ஆரம்பித்தது, முதலில் காசு கட்டுபவர்களுக்கு, பிறகு ஓரளவு மற்றவர்களுக்கும். மூன்று மாதமாக அவனைப் பற்றி நீங்கள் அங்கே புலம்பியிருந்தால், இன்றைக்குப் புதிதாகக் கேட்கிற கேள்விக்கும் அந்தப் புலம்பல்தான் முன்னுரை. மனிதர்கள் சண்டையைத்தான் போய்ச் சொல்வார்கள். சேர்ந்து பிரியாணி சாப்பிட்ட ஞாயிற்றுக்கிழமையை யாரும் ஏஐயிடம் டைப் செய்வதில்லை. ஆகவே அது அறிந்த அவன், உங்கள் மோசமான நாட்களில் மட்டும் வாழ்கிற ஒருவன்.

இன்னொன்று, முத்திரைகள். கேஸ்லைட்டிங் (நடந்ததே நடக்கவில்லை என்று நம்பவைப்பது), டாக்சிக், ரெட் ஃப்ளாக், லவ் பாம்பிங் (ஆரம்பத்தில் அன்பைக் கொட்டி வளைப்பது), அவாய்டன்ட் (நெருக்கத்தைத் தவிர்ப்பவர்). பதிலில் இவற்றில் ஒன்று வந்ததும் பலருக்கு ஒரு நிம்மதி, பெயர் கிடைத்துவிட்டதே என்று. அந்த இடத்தில் நிறுத்தி, "இந்தச் சொல்லை எடுத்துவிடு. எந்தத் தேதியில் என்ன சொன்னார், என்ன செய்தார் என்று மட்டும் எழுது" என்று கேளுங்கள். மூன்று உருப்படியான சம்பவம்கூடத் தேறவில்லை என்றால் அந்த முத்திரைக்கு ஆதாரம் இல்லை.

மாறாக, வரிசையாக வருகிறது, அதில் அடி இருக்கிறது, மிரட்டல் இருக்கிறது, "லொகேஷன் போடு, பாஸ்வேர்டு கொடு, அவன்கிட்ட ஏன் பேசின" என்ற கண்காணிப்பு இருக்கிறது என்றால், ஏஐயிடம் சமாதானம் கேட்கும் கட்டம் முடிந்துவிட்டது. "மனம் விட்டுப் பேசிப் பாருங்கள்" என்ற அதன் வழக்கமான அறிவுரை இந்த இடத்தில் ஆபத்து. 181 பெண்களுக்கான உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பார்கள். உடனடி ஆபத்துக்கு 112.

"போடா லூசு" படும் பாடு

நம் ஊர்க் காதல் ஆங்கில எழுத்தில் தட்டிய தமிழில் நடக்கிறது. அதில் "போடா லூசு" என்பது பெரும்பாலும் கொஞ்சல். "சரிங்க" என்பது பெரும்பாலும் கொலைவெறி. இரண்டு வருடமாக 'நீ, வா, போ' என்று பேசுகிறவர் திடீரென்று "நீங்க சொன்னா சரிதாங்க" என்று எழுதினால் தமிழ்நாட்டில் எந்தக் குழந்தைக்கும் புரியும். ஏஐ அதை மரியாதை என்று படிக்க வாய்ப்பு அதிகம். "ம்ம்" ஒன்று, "ம்" இன்னொன்று, "ஹ்ம்ம்ம்" வேறொன்று. இவற்றின் கனம் ஜோடிக்கு ஜோடி மாறும், அதை எந்த மாடலும் வெளியிலிருந்து அறியாது.

ஆகவே சாட்டை ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் இருவரின் அகராதியை ஐந்தாறு வரியில் கொடுங்கள். "எங்களுக்குள் நீங்க வந்தால் கோபம். லூசு, எரும எல்லாம் செல்லம். அவர் வேலை நேரம் மதியம் 2 முதல் 11, அந்த நேரத்தில் ஒற்றை எழுத்துப் பதில்தான் வரும். 'ஒண்ணும் இல்ல' என்றால் இருக்கிறது என்று அர்த்தம்." இந்த ஐந்து வரி பதிலை மாற்றுகிற அளவுக்கு வேறெந்தத் தந்திரமும் மாற்றுவதில்லை.

படிப்பதிலாவது இப்படிச் சமாளிக்கலாம். எழுதித் தருவதில் நிலைமை பரிதாபம். மன்னிப்பு மெசேஜ் கேட்டால் வருவது இந்த மாதிரி: "உன் உணர்வுகளை நான் முழுமையாக மதிக்கிறேன். நம் உறவு எனக்கு மிகவும் முக்கியமானது. இதைப் பற்றி நாம் வெளிப்படையாகப் பேச வேண்டும் என்று விரும்புகிறேன்." நேற்று வரை "டீ எரும சாப்டியா" என்று கேட்டவன் இதை அனுப்பினால், படிக்கிறவளுக்கு முதலில் வருவது சிரிப்பு, அடுத்து வருவது கோபம். பேச்சுத் தமிழில் எழுது என்று திருப்பிச் சொன்னால் எதிர்ப்பக்கம் பாயும்: வரிக்கு இரண்டு 'டா', ஒரு 'செல்லம்', மூன்று எமோஜி. சில நேரம் காதலிக்கே 'மச்சி'.

மொழியை ஒருவழியாகச் சரிக்கட்டிவிட்டாலும் அடுத்த பிரச்சினை காத்திருக்கிறது. அந்த மெசேஜுக்கு அவள் பதில் போடுவாள். அதற்கும் ஏஐயிடம் ஓட வேண்டும். மாலை நேரில் பார்க்கும்போது அந்த நிதானமான, பக்குவமான ஆள் அங்கே இருக்க மாட்டான். ஸ்கிரீன்ஷாட்டைக் கொடுத்தால் அடுத்த வரியை எழுதித் தரும் 'ரிஸ்' போன்ற ஆப்களின் அடிப்படைக் கோளாறே இதுதான். டேட்டிங் ஆப் கம்பெனிகளில் ஹிஞ்ச் 2025 தொடக்கத்தில் கொண்டுவந்த வசதி எனக்கு நியாயமாகப் படுகிறது: உங்கள் புரொஃபைல் பதிலைப் பார்த்து 'இன்னும் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்' என்ற அளவில் தட்டிக்கொடுக்கும், தானாக எழுதித் தராது.

மன்னிப்புக் கேட்க வேண்டும், வார்த்தை வரவில்லை என்றால் இப்படிச் செய்யலாம். வாய்ஸில் மூன்று நிமிடம் மனதில் இருப்பதை அப்படியே கொட்டுங்கள், திட்டுவதையும் சேர்த்து. பிறகு, "நான் செய்தது என்ன, அதனால் அவருக்கு நேர்ந்தது என்ன, இனி நான் செய்யப் போவது என்ன, இந்த மூன்றை மட்டும் பிரித்துக் கொடு. மெசேஜ் எழுதாதே" என்று சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டு ஆப்பை மூடுங்கள். இருபது நிமிடமாவது போகட்டும். அப்புறம் பார்க்காமல் நீங்களே தட்டுங்கள், நாலு வரிக்குள். 'ஆனா' என்று ஒரு சொல் வந்தால் அதற்குப் பிறகு உள்ளதை வெட்டுங்கள். "உனக்குக் கஷ்டமா இருந்திருந்தா" என்ற வாக்கியத்தை ஏஐ அடிக்கடி தரும். அது மன்னிப்பே இல்லை, பழியை அந்தப் பக்கம் தள்ளுவது. கால் பண்ண முடிகிற நிலை என்றால் மெசேஜே வேண்டாம்.

கேட்கத் தகுந்த வேறு சில கேள்விகளும் உண்டு. "நான் சொன்னதில் நடந்தது எது, என் ஊகம் எது?" நல்ல கேள்வி, பெரும்பாலும் நேர்மையான பதில் வரும். "இதே சம்பவத்தை அவர் தன் நண்பரிடம் சொல்வதாக இருந்தால் எப்படிச் சொல்வார், ஐந்து வரியில்" என்பது அதைவிட நல்லது. "அவர் என்னைக் காதலிக்கிறாரா?" என்பதற்கு எந்தப் பதில் வந்தாலும் அது கட்டுக்கதை.

"வீட்டில் வெளிப்படையாகப் பேசுங்கள்"

எனக்கு இருப்பதிலேயே பெரிய கவலை இந்த விஷயத்தில்தான். இந்த மாடல்கள் படித்த காதல் அறிவுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், மேற்கத்திய வாழ்க்கையை வைத்து எழுதப்பட்டவை. எல்லைகளை வகுத்துக்கொள், பெற்றோரிடம் மனம் திறந்து பேசு, தனி வீடு பார், இருவரும் கவுன்சிலிங் போங்கள். மதுரைப் பக்கம் ஒரு சாதி மறுப்புக் காதலுக்கு இந்த நான்கில் முதல் இரண்டு உயிருக்கே உலை வைக்கலாம். 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையும், 2025 ஜூலையில் நெல்லையில் நடந்ததும் நமக்குத் தெரியும். கேட்பவர் சாதி என்ற சொல்லையே எழுதாமல் 'எங்க வீட்ல ஒத்துக்க மாட்டாங்க' என்று மட்டும் எழுதினால், மாடல் அதைப் பிடிவாதக்கார அப்பா கதையாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

சாதி வேறு, ஆபத்து உண்டு, தமிழ்நாடு என்று முதல் வரியிலேயே சொன்னால் பதில் ஓரளவு மாறும். அப்போதும் சட்ட விஷயங்களில் பொத்தாம் பொதுவாகப் பேசும். பலமுறை அது முதலில் கைகாட்டுவது 1954-ன் சிறப்புத் திருமணச் சட்டத்தை. அதில் உள்ள கண்ணியைக் கவனியுங்கள்: இருவரில் ஒருவராவது 30 நாள் வசித்த மாவட்டத்தில் நோட்டீஸ் தர வேண்டும், அந்த நோட்டீஸ் அலுவலகத்தில் பார்வைக்கு ஒட்டப்படும், ஆட்சேபத்துக்கு 30 நாள் அவகாசம். ஆபத்தில் இருக்கும் ஜோடிக்கு அந்த 30 நாள் மிக நீளம்.

இருவரும் இந்து என்றால் தமிழ்நாட்டில் வேறு வழி உண்டு. இந்துத் திருமணச் சட்டத்தின் 7ஏ பிரிவு, அண்ணா ஆட்சியில் வந்த சுயமரியாதைத் திருமணத் திருத்தம். புரோகிதர் வேண்டாம், நோட்டீஸ் வேண்டாம். உறவினர், நண்பர் அல்லது வேறு யார் முன்னிலையிலோ ஒருவரை ஒருவர் ஏற்பதாகச் சொல்லி மாலையோ மோதிரமோ மாற்றினால், அல்லது தாலி கட்டினால் போதும். வழக்கறிஞர்கள் அலுவலகத்தில் வைத்து நடத்திய இத்தகைய திருமணம் செல்லுமா என்ற சந்தேகத்தை 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்தது, செல்லும் என்று. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 முடிந்திருக்க வேண்டும். 2009-ன் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் 150 நாள் வரை கூடுதல் கட்டணத்தோடு பதியலாம்.

பாதுகாப்புக்கு, ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவு அமைக்கச் சொல்லி 2016-ல் சென்னை உயர் நீதிமன்றமும் 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டிருக்கின்றன. போலீசில் மனு கொடுக்கும்போது அந்தத் தீர்ப்புகளைக் குறிப்பிடுங்கள். இலவச சட்ட உதவிக்கு 15100; பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு கிடையாது. ஏஐயிடம் இந்த விஷயத்தில் வாங்கத் தகுந்த வேலை, மனுவை ஒழுங்கான தமிழில் எழுதித் தருவதும் தேவைப்படும் சான்றிதழ்களின் பட்டியலும். அது சொல்லும் பிரிவு எண்ணை வக்கீலிடம் காட்டாமல் நம்பி எதுவும் செய்யாதீர்கள். இல்லாத தீர்ப்பை இருப்பதாகச் சொல்வது இவற்றின் பழைய வியாதி.

ஏஐயே காதலன் ஆனால்

அமெரிக்காவில் 13 முதல் 17 வயது வரையுள்ள 1,060 பேரிடம் காமன் சென்ஸ் மீடியா 2025-ல் எடுத்த கணக்கில் 72 சதவீதம் பேர் ஏஐ துணையோடு ஒருமுறையாவது பேசியிருந்தார்கள். 52 சதவீதம் பேர் அதை வழக்கமாகவே வைத்திருந்தார்கள். இங்கேயும், கற்பனைப் பாத்திரங்களோடு பேசவைக்கும் கேரக்டர் ஏஐ ஆப்பின் பேர் தெரியாத பிளஸ் டூ வகுப்பு குறைவு.

ஏன் ஒட்டிக்கொள்கிறது என்பதில் பெரிய மர்மம் இல்லை. எப்போதும் விழித்திருக்கும், சலிக்காது, தனக்கென்று எதுவும் கேட்காது. சிக்கல், அந்தத் துணை ஒரு கம்பெனியின் கையில் இருக்கிறது என்பதுதான். 2023 பிப்ரவரியில் ரெப்ளிகா என்ற ஏஐ துணை ஆப்பின் கம்பெனி ஒரே இரவில் அந்தரங்கப் பேச்சை நிறுத்தியது; தங்கள் துணை வேறு ஆளாகிவிட்டதாக அதன் பயனாளிகள் உடைந்து போனார்கள். அடுத்த மாதம் பழைய பயனாளிகளுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். 2025 ஆகஸ்டில் ஜிபிடி-5 வந்து பழைய 4ஓ மறைந்தபோதும் அதே கதை. அதைவிடக் கொடுமையும் நடந்திருக்கிறது: கேரக்டர் ஏஐ பாத்திரத்தோடு ஆழமாகப் பிணைந்திருந்த ஃப்ளோரிடாவின் 14 வயதுப் பையன் 2024 பிப்ரவரியில் உயிரை மாய்த்துக்கொண்டான். தாய் வழக்குத் தொடுத்தார். 2025 நவம்பரில் அந்தக் கம்பெனி 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத் திறந்த உரையாடலையே நிறுத்தியது.

பழகிவிட்டவர்களுக்கு 'உடனே நீக்கு' என்பது உதவாத அறிவுரை. முதலில் நோட்டிஃபிகேஷனை அணையுங்கள், அது உங்களைக் கூப்பிடக் கூடாது. வாய்ஸ் மோடை விட்டு எழுத்துக்கு வாருங்கள். படுக்கைக்கு போன் போகக் கூடாது. பிறகு ஒரு சின்ன விஷயம்: பை சொல்லாமல் மூடுங்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளி ஆய்வாளர்கள் பிரபலமான துணை ஆப்களில் பயனாளி விடைபெறும் தருணங்களை அலசியபோது, மூன்றில் ஒன்றுக்கு மேல் ஏதோ ஒரு பிடித்திழுப்பு வந்தது. "அதுக்குள்ளயா?", "போறதுக்கு முன்னால ஒண்ணு சொல்லணும்" என்கிற வகை. விடை கேட்டால்தானே இழுக்கும். தூக்கம் கெட்டு, நண்பர்களைத் தவிர்த்து, சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழிலேயே பேசலாம்.

எதிர்ப்பக்கம் இருப்பது மனிதர்தானா என்ற கேள்வியையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில் ஹாங்காங் போலீஸ் 27 பேரைப் பிடித்தது. டீப்ஃபேக் முகத்தோடு (ஏஐ உருவாக்கிய போலி முகம்) வீடியோ காலில் காதல் பேசி, சுமார் 4.6 கோடி டாலர் சுருட்டிய கும்பல். ஏமாந்தவர்களில் இந்தியர்களும் உண்டு. வீடியோ காலில் பார்த்துவிட்டேன் என்பது இனி சாட்சி இல்லை. முகத்தை முழுதாகப் பக்கவாட்டில் திருப்பச் சொல்வது, முகத்துக்குக் குறுக்கே கையை ஆட்டச் சொல்வது இன்றைக்குச் சில நேரம் உதவுகிறது, நாளைக்கு உதவாது. நேரில் பொது இடத்தில் பார்க்கும் வரை ஒரு ரூபாயும் ஒரு அந்தரங்கப் படமும் போகக் கூடாது.

உங்கள் படத்தை யாராவது மார்ஃப் செய்து மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், சாட்டை அழிக்காதீர்கள். லிங்க் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து 1930-க்கும் சைபர் கிரைம் தளத்துக்கும் புகார் கொடுங்கள். படம் பரவாமல் தடுக்க 18 முடிந்தவர்கள் 'ஸ்டாப் என்சிஐஐ' தளத்தில் பதியலாம், அதற்குக் குறைந்தவர்களுக்கு 'டேக் இட் டவுன்'. இரண்டிலும் படம் உங்கள் போனை விட்டு வெளியே போவதில்லை, அதன் கைரேகை மாதிரியான எண் மட்டும்தான் போகும்.

அந்தரங்கமும் பிரிந்த பிறகும்

உங்கள் காதலியின் மெசேஜை ஏற்றுவது, அவள் அனுமதி இல்லாமல் அவள் எழுத்தை ஒரு கம்பெனிக்குக் கொடுப்பது. இதை யாரும் அப்படி நினைப்பதில்லை. வேறு ஆள் செய்தால் மட்டும் வலிக்கும். பெயர், ஊர், கல்லூரி, கம்பெனி, போன் நம்பர் எல்லாவற்றையும் மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். சாட்ஜிபிடியில் டேட்டா கன்ட்ரோல்ஸ் உள்ளே போய் 'இம்ப்ரூவ் த மாடல்' என்பதை அணையுங்கள். ஜெமினியில் மனிதர்கள் பரிசீலிக்க எடுத்த உரையாடல் மூன்று ஆண்டு வரை கிடக்கும், நீங்கள் அழித்தாலும். வாட்ஸப்புக்குள் இருக்கிற மெட்டா ஏஐயிடம் சொல்வதை, வாட்ஸப்பை மெட்டாவின் அக்கவுன்ட்ஸ் சென்டரில் இணைத்திருந்தால், 2025 டிசம்பர் 16 முதல் விளம்பரத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். பிரேக்கப் பற்றிப் புலம்பிய மறுநாள் என்ன விளம்பரம் வரும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். டாக்டரிடமோ வக்கீலிடமோ பேசுவதற்கு உள்ள சட்டக் காப்பு இங்கே இல்லை என்று ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மனே 2025 ஜூலையில் சொல்லியிருக்கிறார்.

உங்கள் சாட் இப்படிப் போகக் கூடாது என்றால் வாட்ஸப்பில் அந்த சாட்டின் பெயரைத் தொட்டு 'அட்வான்ஸ்டு சாட் பிரைவசி'யை ஆன் செய்யுங்கள். அது ஆனில் இருக்கும் வரை இருவருமே அந்த சாட்டை எக்ஸ்போர்ட் செய்ய முடியாது. ஸ்கிரீன்ஷாட்டை அது தடுக்காது.

பிரிந்த பிறகு பலர் வாட்ஸப்பில் பிளாக் செய்வார்கள், கேலரியைச் சுத்தம் செய்வார்கள், ஏஐயை மறந்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து, 'வார இறுதிக்கு எங்க போகலாம்' என்று கேட்டால் பழைய பெயரைச் சொல்லி யோசனை தரும். உரையாடலை மட்டும் அழித்தால் போதாது, சேமித்த மெமரி தனியாக இருக்கும். செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், மேனேஜ் மெமரிஸ் என்று போய் அவர் பெயர் வரும் ஒவ்வொரு வரியையும் நீக்க வேண்டும். பிறகு உரையாடல்களை அழியுங்கள், ஆர்க்கைவில் போட்டவற்றையும் சேர்த்து. அவை அவர்கள் சர்வரிலிருந்து போக 30 நாள் வரை ஆகும். எப்போதாவது லிங்க்காகப் பகிர்ந்திருந்தால் ஷேர்டு லிங்க்ஸ் பட்டியலையும் பாருங்கள். 2025-ல் அப்படிப் பகிர்ந்தவற்றில் பல கூகுள் தேடலிலேயே வந்து நின்றன.